பெட்டியில் இருக்கும் கிழவி நான் இல்லை

கார்த்தி,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று கூப்பிட்டபோது அடுப்பில் பாகு பதம் கூடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வீடே தீப்பிடித்தாலும் நான் கரண்டியை விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாதான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரித்து, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "பெட்டி ஷோக்காத்தான் கீது. ஆனா யாரு இந்தக் கெழவி? பாத்த மாதிரியும் கீது, பாக்காத மாதிரியும் கீது" என்றார். பாகில் கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் தள்ளி, உருளையால் தேய்த்து, வில்லை போட்டு முடித்த பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். அந்தக் கிழவி நான்தான்.

போனில் நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. சரியா, இல்லையா? தை மாதம் உனக்கும் நிவேதாவுக்கும் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுக்காமல் நம் கடலை மிட்டாயை இந்தப் பெட்டியில் போட்டுக் கொடுக்கலாம், மறுநாளிலிருந்து அதே பெட்டி சென்னைக் கடைகளுக்குப் போகும், அச்சகத்தில் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லு மா என்றாய். போனில் நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் உனக்கு வேறு போன் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனால் எழுதுகிறேன். இதை நிவேதாவும் படிக்கட்டும். உன் ஆபீசில் இந்தப் பெட்டியைப் பார்த்துக் கைதட்டினார்களாமே, அவர்களும் படிக்கட்டும். மறைத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும்போது நடுவில் எங்காவது மன்னிப்புக் கேட்பார்கள். அதையும் இதில் தேடாதே.

முதலில் படத்தைச் சொல்கிறேன். போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாடியில் காய வைத்துக்கொண்டிருந்தேன். "இப்டிக் கொஞ்சம் திரும்பு மா" என்றாய். "இன்னாத்துக்குடா இந்தக் கோலத்துல?" என்று கேட்டேன். "சும்மா மா. நல்லா இருக்கற" என்றாய். பிள்ளை ஆசையாக எடுக்கிறான் என்று திரும்பினேன். அந்தச் சும்மாவுக்குத்தான் இப்போது அட்டை போட்டிருக்கிறாய். என் கண்ணாடியைக் கழற்றிவிட்டாய். மையடித்த என் தலையைப் பஞ்சு மாதிரி வெளுத்திருக்கிறாய். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. நைந்துபோன சேலை. பின்னால் ஓலைக்குடிசை, முன்னால் மண் அடுப்பு, அதில் விறகு, அதற்கு மேல் அழகாக ஒரு புகை. சிரிக்கிற வாயில் முன்பல் ஒன்றைக் காணோம். என் பல் எல்லாம் என் வாயில்தான் இருக்கிறது கார்த்தி. நேரில் வந்தால் கடித்துக் காட்டுகிறேன்.

அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருந்தால் உனக்கு உடனே போன் வந்திருக்கும். வந்தது கோபம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றில் நீளமாக ஒரு முடி வந்தால் தட்டைத் தள்ளிவைக்கத் தோன்றுமே, அது. அன்றைக்கு முழுக்க அது போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மண் அடுப்பு எப்படிப்பட்டது என்று உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது நீ சின்னப் பிள்ளை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊதி ஊதி மார் வலிக்கும். இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கண் எந்நேரமும் கோவைப்பழமாக இருக்கும். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பெரிய கேஸ் அடுப்பு போட்ட அன்று நான் செய்த முதல் காரியம், பழைய அடுப்பைக் கடப்பாரையால் இடித்து வாசலில் கொட்டியதுதான். பிறகு வறுக்கிற டிரம் வந்தது. மோட்டாரில் அது தானாகச் சுற்றி, ஒரு கடலைகூடத் தீயாமல் வறுத்துக் கொட்டியதைப் பார்க்கக் குழுவில் இருந்த பெண்கள் எல்லாரும் வந்தார்கள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். அதிலிருந்து வந்த வருமானத்தில்தான் வேங்கிக்காலில் இந்த வீடு, பக்கத்தில் இந்தக் கொட்டகை, உன் காலேஜ் படிப்பு, நீ என் தலையை வெளுக்கிற கம்ப்யூட்டர் எல்லாம். நான் தப்பித்து வந்த அடுப்பின் முன்னால் நீ என்னைத் திரும்பவும் உட்காரவைத்திருக்கிறாய். அதுவும் சிரிக்கச் சொல்லி.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. மூன்று தலைமுறைக் கைப்பக்குவம். யார் அந்த மூன்று தலைமுறை? உன் அப்பாவைப் பெற்ற ஆயா கடலை மிட்டாய் தின்று பார்த்திருக்கிறாள், செய்து பார்த்ததில்லை. நான் ஆரம்பித்தபோது, "கடல வித்து எவடி பொயச்சா? மானம் போவுது" என்று தெரு கேட்கச் சொன்னவள் அவள். என்னைப் பெற்றவள் கீழ்பென்னாத்தூரில் ஊரான் நிலத்தில் கூலிக்குக் கடலை பிடுங்கினாள். வெல்லம் வாங்கி வீட்டில் பாகு காய்ச்சுகிற வசதி அவளுக்கு இருந்ததில்லை. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை காய்ச்சியது பல்லில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்கவிடவில்லை. அடுத்த தடவை கரிந்து கசந்தது. கடைத்தெருவில் ஒரு மிட்டாய்க் கடைக்கு எதிரில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்று மாஸ்டர் கையைப் பார்ப்பேன். அந்த ஆள் இரண்டு மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டான். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் கல் விழுந்த சத்தம் கேட்க வேண்டும் என்பதையும், மழைக்காலத்தில் அந்தச் சத்தத்துக்கு அப்புறமும் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்பதையும் அடுப்பும் நானும்தான் பேசி முடிவு செய்தோம். முதல் தலைமுறை நான்தான். உனக்குப் பாகு வராது, நிவேதாவுக்கும் வராது, அதனால் கடைசித் தலைமுறையும் நான்தான். ஐந்தாவதோடு நின்றவள் தட்டுத்தடுமாறித் தானாகக் கற்றுக்கொண்டதை எடுத்து, எனக்கு முன்னால் இல்லாத இரண்டு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாய். பெட்டி முழுக்கத் தேடினேன், என் பெயர் எங்கும் இல்லை.

இது ஒரே நாளில் வந்த வியாதி இல்லை என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ இந்த அட்டை வரைகிற வேலைக்குப் போன புதிதில் ஊருக்கு வரும்போது ஒரு கட்டுப் பழுப்புக் காகிதப் பை கொண்டுவந்தாய். முன்னால் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல், வாயில் சணல் கயிறு. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கும் நம் கடையில் என் சாதாக் கவர் ஒரு பக்கம், உன் பழுப்புப் பை ஒரு பக்கம் வைத்தாய். இரண்டிலும் அதே தட்டில் வெட்டிய மிட்டாய். காரில் வந்த ஒரு சென்னை அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் நின்றார்கள். அந்த அம்மா அதில் ஒன்று, இதில் ஒன்று வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"இந்த ப்ரவுன் பேப்பர்ல இருக்கறதுல ஒரு மண் வாசனை இருக்குங்க. அதுல இல்ல."

"ரெண்டும் ஒரே தட்டுதாங்க" என்றேன்.

"இல்லீங்க. நாக்கு பொய் சொல்லாது."

"விடும்மா, வியாபார ரகசியத்த நம்ம கிட்ட சொல்லிடுவாங்களா?" என்றார் அவர் வீட்டுக்காரர், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய், பேசாமல் இரு என்று. அவர்கள் பழுப்புப் பையை அள்ளிக்கொண்டு போன பிறகு, "பாத்தியா மா?" என்று குதித்தாய். "பாத்தன். அந்தம்மா காகிதத்தத் தின்னுட்டுப் போவுது" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கடைகளைப் பார்க்கிற கண்ணே மாறியது. கிரிவலப் பாதையில் ஒரு சுற்று நடந்தால் போதும், உன் தொழிலில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடும். பல்பொடி டப்பாவில் ஒரு தாடிக்காரச் சித்தர். அடுத்த கடையில் முடி எண்ணெய்ப் பாட்டிலில் அதே தாடி. முட்டிவலித் தைலத்திலும் அதே தாடி. கம்பெனி வேறு, ஊர் வேறு, தாடி மட்டும் ஒன்று. எங்கேயோ சாக்பீஸ் மாவோடு சேர்த்து அரைத்த விபூதிக்கு வெல்வெட் பை. கற்பூரத்துக்குச் செம்பு நிறத்தில் பெட்டி. சர்க்கரை இல்லை என்று முகப்பில் யானை அளவுக்கு எழுதிவிட்டு, இனிப்புக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னால் எறும்பு அளவுக்கு எழுதியிருப்பார்கள். நான் எந்தப் பொட்டலத்தையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். படிப்பை விட்ட பிறகு எனக்கு எழுத்து மறக்காமல் இருந்ததே அந்தப் பின்பக்கங்களைக் கூட்டிக்கூட்டிப் படித்ததால்தான். ஜனங்கள் திருப்புவதே இல்லை. கை நேராகப் படத்துக்குத்தான் போகிறது. பசி எடுத்தவன்கூடப் படத்தைத்தான் எடுக்கிறான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் விற்கிறவன் மேல் எவ்வளவு அருவருப்பு வருகிறதோ, அதே அளவு வாங்குகிறவன் மேலும் வருகிறது.

பழுப்புப் பையோடு நீ நிறுத்தவில்லை. அடுத்த தடவை அதில் மலையை அச்சடித்து வந்தாய். உச்சியில் தீபம், கீழே லிங்கம், சுற்றிலும் தங்க நிறக் கோடு. உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கும் பிடித்திருந்தது. நம் ஊர் மலை, நம் ஊர்ச் சாமி, இதில் என்ன பொய் என்று நானும் தலையாட்டினேன். அந்தப் பௌர்ணமிக்குக் கடையில் வைத்தது எல்லாம் இருட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. நீ சென்னைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாய். மறுநாள் காலையில் நடந்ததை நீ பார்க்கவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பாதை எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா? பாக்குமட்டைத் தட்டு, டீ கப், சாம்பார் சாதம் ஒட்டிய காகிதம், எல்லாம் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். நம் பை ஒன்றுகூட அதில் இல்லை. மலையும் லிங்கமும் இருக்கிற காகிதத்தை யார் கீழே போடுவான்? மிட்டாயைத் தின்றுவிட்டு, பையைக் கண்ணில் ஒற்றி, கம்பி வேலியில் செருகியிருக்கிறார்கள். வேப்பமரக் கிளை இடுக்கில் சொருகியிருக்கிறார்கள். பிள்ளையார் கோயில் மதில்மேல் அடுக்கி, பறக்காமல் இருக்கக் கல் வைத்திருக்கிறார்கள். வெறும் பைக்கு ஒருவன் பூ வேறு வைத்திருந்தான். பாதையைப் பெருக்குகிற வசந்தா அத்தனையையும் பொறுக்கி ஒரு கோணிப்பையில் கட்டி, கடை வாசலில் கொண்டுவந்து இறக்கினாள்.

"யக்கா, இந்தா உன் சாமி."

"இன்னாடி இது?"

"குப்ப வண்டில போட்டா டிரைவரு வண்டிய எடுக்க மாட்டன்றான். கொளுத்தலாம்னா மேஸ்திரி வாணான்றாரு. நான் இன்னா, சாமிய தலைல தூக்கினு திரியறதா? திங்கறது ஊரான், பாவம் மட்டும் எனக்கா?"

"நான் மட்டும் எங்கடி வெக்கறது?"

"பூச ரூம்ல வெய்யி. உன் புள்ள போட்ட சாமிதான?"

உன் அப்பா ஏரியில் கரைத்துவிடலாம் என்றார். பிளாஸ்டிக் பூசிய காகிதம் எந்த ஏரியில் கரையும்? புதைத்தால் மேலே நடப்பார்கள். எரிக்க எனக்கும் கை வரவில்லை. அந்தக் கோணி இன்றைக்கும் கொட்டகைப் பரண்மேல்தான் இருக்கிறது. எலிக்குப் பயந்து அதற்கு ஒரு தகர மூடி வேறு போட்டிருக்கிறேன். நான் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, தொழில்காரன் குரலில் ஒன்று சொன்னாய். "சேல்ஸ் நல்லாதான் மா ஆச்சி. ஆனா தூக்கிப் போட மனசு வராத கவரு நமக்கு ஆவாது. அத தூக்கிப் போட்டாத்தான் அடுத்தது வாங்குவாங்க. ஜனங்களுக்குப் புடிச்ச படமா இருக்கணும், ஆனா கீழ போட கூசாத படமா இருக்கணும். யோசிக்கறன்." சரி, யோசி என்று வைத்துவிட்டேன்.

யோசித்து நீ கண்டுபிடித்தது என்னை.

இதை நீ ஒரு கணமாவது இப்படி நினைத்துப் பார்த்தாயா என்று தெரியவில்லை. நினைத்திருந்தால் அச்சகம் வரை போயிருக்கமாட்டாய் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் நீ செய்த காரியத்தின் பொருள் அதுதான். சாமி படத்தைத் தரையில் போட இந்த ஊரில் எவனுக்கும் மனசு வராது. ஒரு கிழவி படத்தைப் போட வரும். என் முகத்தைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்து எறிவான். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் சாம்பாரும் செருப்புத் தடமும் பட்டு நான் பாதை முழுக்கக் கிடப்பேன். ஒவ்வொரு மாதமும் கிடப்பேன். நான் செத்த பிறகும் கிடப்பேன். வசந்தா யாரிடமும் கேட்காமல் என்னைப் பெருக்கி வண்டியில் போடுவாள். அவள்மேல் தப்பு இல்லை, அது அவள் வேலை. சாமி இருந்த இடத்திலிருந்து சாமியை எடுத்துவிட்டு, மிதிபடலாம் என்று பெற்றவளை அங்கே வைத்தது யார் வேலை?

நீ சம்பந்தி வீட்டுக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாய். முந்தாநாள் நிவேதாவின் அம்மா கூப்பிட்டார். நல்ல அம்மாள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

"சம்பந்தி, பெட்டி பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சி. இந்த வயசுலயும் வெறகு ஊதிகிட்டு..."

"வெறகு இல்லங்க. கேஸுதான். மெஷினு கூட இருக்குது."

"பரவால்லங்க. எங்க கிட்ட எதுக்கு மறைக்கறீங்க? நாங்க இன்னா வேத்து மனுசங்களா?"

"மறைக்கலங்க. நிச்சயத்துக்கு வந்தப்ப நீங்களே பாத்தீங்களே."

"அது வீட்டுக்குங்க. தொழிலு வேற இல்ல? கல்யாணம் முடியட்டும், அத்தைய ஒரு வேலையும் செய்ய உடாதன்னு நிவேதா கிட்ட சொல்லிட்டேன். நீங்க பட்ட கஷ்டம் போதும்."

கார்த்தி, நிச்சயத்தன்று இந்த அம்மாள் நம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். டிரம் சுற்றுவதைப் பார்த்து, "எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று சொன்னார். நான் போட்ட காப்பியை என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். தன் கண்ணால் பார்த்ததை உன் அட்டை அழித்துவிட்டது. இனி நான் என்ன சொன்னாலும் கௌரவத்துக்கு மறைக்கிறேன் என்றுதான் நினைப்பார். கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேர் கையிலும் இந்தப் பெட்டியைக் கொடுத்தால், அந்த மண்டபத்தில் நான் எப்படி நடப்பேன்? பட்டுப்புடவை கட்டி நான் எதிரில் வந்தாலும் அவர்கள் கண்ணுக்கு அந்தக் குடிசைதான் தெரியும். பாவம், இன்றைக்கு ஒருநாளாவது நல்ல துணி கட்டியிருக்கிறாள் என்பார்கள். என் பிள்ளை கல்யாணத்தில் எனக்குக் கிடைக்கப்போகிற மரியாதை அதுதானா? நான் யாரிடமும் பிச்சை வாங்கியதில்லை. நீ என்னைக் கேட்காமல் எனக்குப் பிச்சைப் பாத்திரம் செய்து, என் முகத்தையே அதில் ஒட்டியிருக்கிறாய்.

உன் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் ஒருதலையாகப் பேசினேன் என்பாய். "கேஸு, மெஷினுனு போட்டா ஃபேக்டரி சரக்குனு நெனச்சிடுவாங்க மா. கஷ்டப்படற அம்மானாதான் நம்புவாங்க. உன்ன நான் கொறச்சா வெக்கறன்? உன்ன உசத்திதான மா வெக்கறன்?" என்று போனை வைப்பதற்கு முன்னால் சொன்னாய். நீ சொல்வதில் முதல் பாதி உண்மை. காகிதத்தைத் தின்கிறவர்களை நானும் பார்த்தேன். பொய்யான படத்தைப் பார்த்து நானும் வாங்குகிறேன். நான் தலைக்கு அடிக்கிற மையின் பெட்டியில் இருக்கிற பெண்ணுக்கு இடுப்பு வரை முடி. அவள் அந்த மையை வாழ்நாளில் தொட்டிருக்கமாட்டாள் என்று தெரிந்துதான் மாதாமாதம் வாங்குகிறேன். ஆனால் அவள் கூலி வாங்கிக்கொண்டு சம்மதத்தோடு நின்றாள். படத்துக்கு நின்றவளை அவள் பிள்ளையே பல்லைப் பிடுங்கிக் கிழவியாக்கவில்லை. இரண்டாம் பாதிதான் பொய். கஷ்டப்படுகிறவளைக் கஷ்டத்திலேயே உட்காரவைத்து அழகு பார்ப்பது உசத்தி இல்லை. அந்தச் சென்னை அம்மாவுக்குத் தன் வீட்டில் புகை போகக் குழாய் வேண்டும். எனக்கு மட்டும் புகை வேண்டும், அப்போதுதான் மிட்டாய் ருசிக்கும். அந்த ருசிக்குத் தீனி போடுவதை நீ ஒரு படிப்பாகப் படித்திருக்கிறாய். அந்தப் படிப்புக்குப் பணம் கட்டியவள் நான்.

நீ சொன்ன அளவுக்கு மிட்டாயைப் போட்டுப் பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். மிட்டாய் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே கையை விட்டால் பாதிப் பெட்டி காற்று. என் சாதாக் கவரில் காற்று போக இடம் இருக்காது. அதைப் பார்த்து, "இது அழகா உக்காரல மா" என்று நீ குறை சொல்வாய். வாங்குகிறவர்களை ஏமாற்றாமல் உட்காரும் கவர் அவ்வளவு அழகாக உட்காராதுதான்.

ஆகவே நீ கேட்ட ஒரு வார்த்தை: இல்லை. கல்யாணத்துக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. அச்சகத்துக்குக் கொடுத்த முன்பணம் போகட்டும். நான் கண்ணை மூடிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஓரத்தில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், நிவேதாவிடமும் சொல்வேன், இந்தக் கடிதமும் சாட்சி. மீறி அச்சடித்தால் என் கொட்டகையிலிருந்து ஒரு வில்லைகூட வராது. அந்தக் கிழவியையே காய்ச்சித் தரச் சொல். அவளிடம் அடுப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, மூன்று தலைமுறைப் பக்குவமும் இருக்கிறதாமே.

உனக்குத் தொழில் நடக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கேட்டால் கேள். வெள்ளை அட்டையில் கடலை, வெல்லம், ஏலக்காய், சுக்கு என்று எழுது. கேஸ் அடுப்பில் காய்ச்சியது, டிரம்மில் வறுத்தது என்று எழுது. செய்தவள் பெயர் என்று என் பெயரை எழுது. பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு மிட்டாய் போடு. "இத எவன் வாங்குவான்?" என்பாய். வாங்காவிட்டால் போகிறான். படம் இல்லாமல் திறந்து வைத்திருக்கிற என் கடைப் பாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் காலியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. உனக்கு உலகம் முழுக்க விற்க வேண்டும் என்றால் விற்க ஆயிரம் பொருள் இருக்கிறது. நான் அதில் ஒரு பொருள் இல்லை.

கல்யாணத்தன்று தாம்பூலம் கொடுக்கிற இடத்தில் நான்தான் நிற்பேன். உன் சித்தி நிற்கிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். பெரிய எவர்சில்வர் அண்டா நிறைய மிட்டாய் முந்தின நாளே வந்துவிடும். தலைக்கு மை அடித்து, கண்ணாடி போட்டு, அரக்குக் கலர்ப் பட்டு கட்டிக்கொண்டு நிற்பேன். வெற்றிலை பாக்கோடு ஒவ்வொருவர் கையிலும் நானே எடுத்து வைப்பேன். யார் செய்தது என்று கேட்டால் நான்தான் என்று சொல்வேன். எப்படிச் செய்தது என்று கேட்டால் மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்பது வரை சொல்வேன். சம்பந்தி அம்மாளுக்கு இரண்டு தடவை சொல்வேன். எல்லாரும் போன பிறகு நீயும் நிவேதாவும் மாலையும் கழுத்துமாக வாருங்கள், உங்களுக்கும் எடுத்து வைத்திருப்பேன். நிவேதாவுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நீ மட்டும், வாயில் போட்டுக்கொள்வதற்கு முன்னால், ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார். பார்த்துவிட்டுத் தின்னு.